கிரிப் பாயின்ட் மிதக்கும் எரிவாயு முனையத் திட்டம்

கிரிப் பாயின்ட் மிதக்கும் எரிவாயு முனையத் திட்டம் என்பது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், வெஸ்டர்ன்போர்ட் விரிகுடாவின் கரையில் உள்ள கிரிப் பாயின்ட் என்னும் சிற்றூரில் அமைக்கத் திட்டமிடப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட எரிவாயு இறக்குமதித் திட்டம் ஆகும். ஏஜிஎல் எனர்ஜி நிறுவனம் இதனை 2017 ஆம் ஆண்டில் முன்வைத்தது. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் நீடித்த உள்ளூர் மக்களின் எதிர்ப்பிற்கும் நீண்ட பொது விசாரணைக்கும் பின்னர், 2021 மார்ச் 30 அன்று விக்டோரியாவின் திட்டமிடல் அமைச்சர் ரிச்சர்ட் வின் இத்திட்டத்தின் சுற்றுச்சூழல் விளைவுகள் ஏற்கத்தக்கவை அல்ல என்று முடிவு அறிவித்தார். அடுத்த சில வாரங்களில், 2021 மே மாதத்தில், நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது.

மிதக்கும் எரிவாயு மின்நிலையம் என்பதும் மிதக்கும் எரிவாயு முனையம் என்பதும் ஒன்றல்ல. முன்னது கப்பலிலேயே எரிவாயுவை எரித்து மின்சாரத்தைக் கரைக்கு அனுப்புவது. பின்னது குளிர்விக்கப்பட்ட திரவ எரிவாயுவை மீண்டும் வளிமமாக்கிக் குழாய் வழியாகக் கரைக்கு அனுப்புவது. கிரிப் பாயின்டில் அமையவிருந்தது இரண்டாம் வகை. இருப்பினும் கடலில் நிலையாகக் கட்டப்பட்டிருக்கும் பெருங்கலம், கடல்நீரைப் பெருமளவில் உள்ளெடுத்து வெளிவிடுதல், கரையோர மக்களின் அச்சங்கள் ஆகியவை இரண்டிற்கும் பொதுவானவை.

பின்னணி

விக்டோரியா மாநிலம் ஆஸ்திரேலியாவில் வீட்டுப் பயன்பாட்டிற்கு எரிவாயுவை மிகுதியாக நம்பியிருக்கும் மாநிலம் ஆகும். ஏறத்தாழ 20 இலட்சம் வீடுகள் எரிவாயு இணைப்பைக் கொண்டுள்ளன. சமையலுக்கு மட்டுமன்றி, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கவும் வெந்நீருக்கும் எரிவாயுவே பயன்படுகிறது. இதற்கான எரிவாயு பெரும்பாலும் பாஸ் நீரிணையின் கடலடியில் உள்ள கிப்ஸ்லாந்து வடிநிலத்திலிருந்து கிடைத்தது. 1965 இல் கண்டறியப்பட்ட இந்த வயல்களிலிருந்து 1969 முதல் எரிவாயு எடுக்கப்பட்டு வருகிறது. 1998 செப்டம்பர் 25 அன்று லாங்ஃபோர்ட் எரிவாயு ஆலையில் நிகழ்ந்த வெடிவிபத்தில் இருவர் உயிரிழந்தனர். மாநிலத்தின் பெரும்பகுதி ஏறத்தாழ இரண்டு வாரங்கள் எரிவாயு இன்றித் தவித்தது. எரிவாயு நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை விக்டோரிய மக்கள் அப்போதே அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

2010களில் இரண்டு மாற்றங்கள் ஒருசேர நிகழ்ந்தன. கிப்ஸ்லாந்து வயல்கள் மூப்படைந்து அவற்றின் உற்பத்தி குறையத் தொடங்கியது. மறுபுறம், குயின்ஸ்லாந்தின் கிளாட்ஸ்டன் நகருக்கு அருகில் உள்ள கர்ட்டிஸ் தீவில் மூன்று பெரிய ஏற்றுமதி ஆலைகள் அடுத்தடுத்து இயங்கத் தொடங்கின. இதனால் கிழக்குக் கரையின் எரிவாயுச் சந்தை முதன்முறையாக உலகச் சந்தையுடன் இணைந்தது. எரிவாயுவின் தேவை ஏறத்தாழ மும்மடங்காகி, உள்நாட்டு விலையும் உயர்ந்தது. உலகின் மிகப்பெரிய திரவ எரிவாயு ஏற்றுமதி நாடுகளுள் ஒன்றாக இருக்கும்போதே, அதே நாட்டின் தென்கிழக்கு மாநிலங்கள் எரிவாயுவைக் கப்பலில் இறக்குமதி செய்ய எண்ணும் முரண்நிலை இவ்வாறே உருவானது. எரிவாயு நாட்டில் இல்லாமற் போகவில்லை. அது ஏற்றுமதி ஒப்பந்தங்களுக்குக் கட்டுப்பட்டிருந்தது. இந்த முரண்நிலை பின்னர் எதிர்ப்பாளர்களின் வாதங்களுள் முதன்மையான ஒன்றாக ஆனது.

1837 இல் சிட்னியில் தெருவிளக்குகளுக்கு எரிவாயு வழங்கும் நிறுவனமாகத் தொடங்கிய ஏஜிஎல், நாட்டின் மிகப்பெரிய மின்சார, எரிவாயு விற்பனை நிறுவனங்களுள் ஒன்றாகும். தன் வாடிக்கையாளர்களுக்கான எரிவாயுவை வெளிநாட்டிலிருந்தோ பிற மாநிலங்களிலிருந்தோ கப்பல் வழியாகக் கொண்டுவரத் தீர்மானித்த அந்நிறுவனம், பல இடங்களை ஆராய்ந்து 2017 ஆகஸ்டில் கிரிப் பாயின்டைத் தேர்ந்தெடுத்ததாக அறிவித்தது.

இடம்

கிரிப் பாயின்ட், மெல்போர்ன் நகருக்குத் தென்கிழக்கே மார்னிங்டன் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் உள்ளது. அது அமைந்துள்ள வெஸ்டர்ன்போர்ட் விரிகுடாவின் பெயர் புதியோருக்குக் குழப்பம் தரும். மேற்குத் துறைமுகம் என்று பொருள்படும் இவ்விரிகுடா மெல்போர்னுக்குக் கிழக்கே உள்ளது. 1798 சனவரியில் சிட்னியிலிருந்து திமிங்கிலப் படகொன்றில் வந்த ஜார்ஜ் பாஸ், அதுவரை ஐரோப்பியர் அறிந்திருந்த துறைமுகங்களுள் மேற்கே உள்ளது இதுவே என்பதால் இப்பெயரை இட்டார். அதற்கும் மேற்கே உள்ள போர்ட் பிலிப் விரிகுடா பின்னரே ஐரோப்பியருக்குத் தெரியவந்தது. இப்பகுதி பன்னெடுங்காலமாகப் பூனுரொங் பழங்குடி மக்களின் நிலமும் கடலும் ஆகும்.

விரிகுடாவின் நடுவில் பிரெஞ்சுத் தீவும், வாயிலில் பிலிப் தீவும் உள்ளன. பிலிப் தீவு, மாலை மங்கியதும் கடலிலிருந்து கரையேறி வளைகளுக்குத் திரும்பும் சிறு பென்குயின்களைக் காண வரும் சுற்றுலாப் பயணிகளால் உலக அளவில் அறியப்பட்டது. விரிகுடாவின் பரப்பு ஏறத்தாழ 680 சதுர கிலோமீட்டர். இதில் ஐந்தில் இரண்டு பங்கு, நீர் வற்றும்போது வெளித்தெரியும் சேற்றுத் திட்டுகள் ஆகும். இந்தத் திட்டுகளில் வளரும் கடற்புல்லும், கரையோரம் வளரும் வெண்கண்டல் மரங்களும் மீன்குஞ்சுகளுக்கு வளர்ப்பிடமாக உள்ளன. சைபீரியாவிலிருந்தும் அலாஸ்காவிலிருந்தும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வரும் கரையோரப் பறவைகள் இச்சேற்றில் உள்ள புழுக்களையும் நண்டுகளையும் உண்டு, திரும்பிச் செல்வதற்கான வலிமையைப் பெறுகின்றன. இக்காரணங்களால் வெஸ்டர்ன்போர்ட் 1982 இல் ராம்சர் உடன்படிக்கையின் கீழ்ப் பன்னாட்டு முதன்மை வாய்ந்த ஈரநிலமாகப் பட்டியலிடப்பட்டது. 2002 இல் விரிகுடாவுக்குள் மூன்று கடல்சார் தேசியப் பூங்காக்கள் நிறுவப்பட்டன. அதே ஆண்டில் மார்னிங்டன் தீபகற்பமும் வெஸ்டர்ன்போர்ட்டும் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்கப்பட்டன.

எனினும் இவ்விரிகுடா மனிதர் கை படாத இடம் அன்று. கிரிப் பாயின்டில் பிரிட்டிஷ் பெட்ரோலியம் நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1966 முதல் 1985 வரை இயங்கியது. அருகிலுள்ள ஹேஸ்டிங்ஸில் உருக்காலையும், பாஸ் நீரிணையிலிருந்து வரும் திரவ வளிமங்களைப் பிரிக்கும் ஆலையும் உள்ளன. இயற்கையாகவே ஆழமான கப்பல் வழி இருந்தமையால், 1960களில் மாநில அரசு இக்கரையைப் பெருந்தொழில் வட்டாரமாக்க விரும்பியது. அதற்கு எழுந்த எதிர்ப்பின் விளைவாக 1973 இல் தொடங்கிய வெஸ்டர்ன்போர்ட் சுற்றுச்சூழல் ஆய்வு, ஒரு விரிகுடா முழுவதையும் ஒரே அமைப்பாகக் கருதி ஆஸ்திரேலியாவில் செய்யப்பட்ட முன்னோடி ஆய்வுகளுள் ஒன்று. 1970களுக்கும் 1980களின் நடுப்பகுதிக்கும் இடையே விரிகுடாவின் கடற்புல்லில் ஏறத்தாழ 70 விழுக்காடு அழிந்துபோனது. அதன்பின் அது ஓரளவே மீண்டுள்ளது. பின்னாளில் எரிவாயுத் திட்டத்தை எதிர்த்தோரின் மனத்தில் இந்த இழப்பு ஆழமாகப் பதிந்திருந்தது.

திட்டத்தின் அமைப்பு

இயற்கை எரிவாயுவை ஏறத்தாழ மறை 162 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்தால் அது திரவமாகி, அதன் கன அளவு ஏறத்தாழ அறுநூற்றில் ஒரு பங்காகச் சுருங்கும். எல்.என்.ஜி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இத்திரவத்தைக் கப்பலில் ஏற்றி எங்கும் கொண்டுசெல்லலாம். சேருமிடத்தில் அதனை மீண்டும் சூடாக்கி வளிமமாக்க வேண்டும். இப்பணியைச் செய்யும் ஆலையைக் கரையில் கட்டுவதற்குப் பல ஆண்டுகளும் பெருஞ்செலவும் ஆகும். அதற்கு மாறாக, சேமிப்புத் தொட்டிகளையும் சூடாக்கும் கருவிகளையும் கொண்ட கப்பலொன்றை வாடகைக்கு எடுத்து இறங்குதுறையில் கட்டிவைத்தால் வேலை விரைவில் முடியும்.

கிரிப் பாயின்டில் பழைய சுத்திகரிப்பு ஆலைக்காகக் கட்டப்பட்ட இறங்குதுறை ஏற்கனவே இருந்தது. அதில் இத்தகைய கப்பலொன்றை நிலையாகக் கட்டிவைப்பதே ஏஜிஎல் நிறுவனத்தின் திட்டம். 2018 டிசம்பரில் நார்வேயின் ஹோக் எல்.என்.ஜி. நிறுவனத்துடன் பத்து ஆண்டு ஒப்பந்தம் செய்யப்பட்டது. ஹோக் எஸ்பரான்சா என்னும் அக்கப்பல் ஏறத்தாழ 294 மீட்டர் நீளமும், 1,70,000 கன மீட்டர் திரவ எரிவாயுவைக் கொள்ளும் தொட்டிகளும் உடையது. ஆண்டுக்கு 12 முதல் 40 வரையான எரிவாயுக் கப்பல்கள் வந்து அதனருகே நின்று சரக்கை மாற்றும். வளிமமாக்கப்பட்ட எரிவாயு, ஏபிஏ நிறுவனம் அமைக்கவிருந்த 57 கிலோமீட்டர் நீளமுள்ள நிலத்தடிக் குழாய் வழியாகப் பாக்கன்ஹாம் நகருக்கு அருகே மாநிலத்தின் முதன்மைக் குழாயமைப்பில் சேரும்.

சர்ச்சையின் மையம் சூடாக்கும் முறையே ஆகும். திறந்த சுற்று எனப்படும் முறையில் கடல்நீரே வெப்பத்தைத் தருகிறது. கப்பல் கடல்நீரை உறிஞ்சி, வெப்பப் பரிமாற்றக் கருவிகள் வழியாகச் செலுத்தி, குளிர்ந்த நீரை மீண்டும் கடலில் விடும். உச்ச இயக்கத்தில் இதற்கு நாளொன்றுக்கு 46 கோடியே 80 இலட்சம் லிட்டர் கடல்நீர் தேவைப்படும். இது ஏறத்தாழ 187 ஒலிம்பிக் நீச்சல் குளங்களை நிரப்பப் போதுமானது. வெளியேறும் நீர் உள்ளெடுத்த நீரைவிட ஏறத்தாழ 7 பாகை குளிர்ந்திருக்கும். குழாய்களுக்குள் சிப்பிகளும் கொட்டலசுகளும் ஒட்டி வளராதிருக்க, கடல்நீரிலிருந்தே மின்பகுப்பு மூலம் குளோரின் உண்டாக்கப்பட்டு நீரில் கலக்கப்படும். அதன் எச்சம், லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் அளவில், நீருடன் சேர்ந்து விரிகுடாவை அடையும்.

மூடிய சுற்று என்னும் மாற்று முறையில் கடல்நீர் பெருமளவில் தேவைப்படாது. ஆனால் கப்பலில் உள்ள எரிவாயுவின் ஒரு பகுதியையே எரித்து வெப்பம் பெறவேண்டும். செலவும் கூடும், பசுங்குடில் வளிம வெளியீடும் கூடும். எனவே ஒரு தீங்கைக் குறைக்க முயன்றால் மற்றொன்று மிகும் நிலையில் திட்டம் இருந்தது.

எதிர்ப்பு

அறிவிப்பு வெளியான உடனேயே கிரிப் பாயின்ட், ஹேஸ்டிங்ஸ், பிலிப் தீவு, பிரெஞ்சுத் தீவு ஆகிய இடங்களில் எதிர்ப்புத் தோன்றியது. சேவ் வெஸ்டர்ன்போர்ட் என்னும் உள்ளூர் அமைப்பு இதில் முன்னின்றது. என்விரான்மென்ட் விக்டோரியா, விக்டோரிய தேசியப் பூங்காக்கள் சங்கம் ஆகிய மாநில அளவிலான அமைப்புகளும் இணைந்தன. மார்னிங்டன் தீபகற்பம், பாஸ் கோஸ்ட் ஆகிய உள்ளாட்சி மன்றங்களும் வெளிப்படையாக எதிர்த்தன. மக்கள் குழுக்களுடன் உள்ளாட்சி மன்றங்களும் சேர்ந்து நின்றதால், எதிர்ப்புத் தரப்பினால் வழக்கறிஞர்களையும் கடல்சார் வல்லுநர்களையும் அமர்த்திக்கொள்ள முடிந்தது. பல ஊர்களில் இத்தகைய போராட்டங்கள் உணர்ச்சியளவில் வலுவாக இருந்தும் தொழில்நுட்ப வாதத்தில் தளர்ந்துபோவதற்கு இவ்வசதி இல்லாமையே காரணம்.

எதிர்ப்பாளர்களின் வாதங்கள் பலவகைப்பட்டன. உள்ளெடுக்கப்படும் நீருடன் மீன்முட்டைகளும் இளவுயிரிகளும் மிதவை நுண்ணுயிர்களும் சேர்ந்து இழுக்கப்பட்டு அழியும் என்பது ஒன்று. குளோரின் எச்சமும் குளிர்ந்த நீரும் கடலடி உயிரினங்களைப் பாதிக்கும், அவற்றை உண்ணும் மீன்களையும் பறவைகளையும் அது தொடரும் என்பது மற்றொன்று. திறந்த கடலைப் போலன்றி, தீவுகளைச் சுற்றி நீர் சுழலும் விரிகுடாவில் கழிவுநீர் எளிதில் வெளியேறாது என்றும் அவர்கள் கூறினர். தீ விபத்து, இரவொளி, இரைச்சல், பெருங்கப்பல்கள் திமிங்கிலங்களுடன் மோதும் வாய்ப்பு ஆகியவை பற்றியும் அச்சம் தெரிவிக்கப்பட்டது. குழாய்ப் பாதையில் இருந்த விவசாயிகளுக்குத் தனிக் கவலை இருந்தது. சதுப்பு நிலத்தை வடித்து உருவாக்கப்பட்ட கூவீரப் வட்டாரம், ஆஸ்திரேலியாவின் தண்ணீர்விட்டான் வகைக் காய்கறியான அஸ்பாரகஸ் விளைச்சலின் தாயகம் ஆகும்.

இவற்றுக்கு மேலாகக் காலநிலை மாற்றம் குறித்த கேள்வியும் எழுப்பப்பட்டது. வீடுகளை மின்மயமாக்கி எரிவாயுத் தேவையைக் குறைப்பதே மலிவான வழி என்றும், இறக்குமதி முனையம் அமைந்தால் மாநிலம் மேலும் பல ஆண்டுகளுக்கு எரிவாயுவுடன் பிணைக்கப்படும் என்றும் எதிர்ப்பாளர்கள் வாதிட்டனர்.

அரசியல் அணிகள் வழக்கமான முறையில் அமையவில்லை. ஸ்காட் மொரிசன் தலைமையிலான கூட்டாட்சி அரசு 2020 இல் எரிவாயுவை முன்னிறுத்திய பொருளாதார மீட்சியை அறிவித்தது. ஆனால் அதே அரசில் சுகாதார அமைச்சராகவும், முன்னர் சுற்றுச்சூழல் அமைச்சராகவும் இருந்த கிரெக் ஹன்ட், தன் தொகுதியான ஃபிளிண்டர்ஸில் அமையவிருந்த இத்திட்டத்தை எதிர்த்தார்.

நிறுவனத்தின் தரப்பு

ஏஜிஎல் நிறுவனத்தின் வாதங்களையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. விரிகுடாவின் வடகிளையில் நீரோட்டம் வலுவானது என்றும், குளோரின் விரைவில் நீர்த்துச் சிதைந்துவிடும் என்றும், பாதிப்பு கப்பலைச் சுற்றிய சிறு பரப்போடு நின்றுவிடும் என்றும் அதன் வல்லுநர்கள் கணினி மாதிரிகளைக் கொண்டு காட்டினர். கிரிப் பாயின்ட் அரை நூற்றாண்டாகத் துறைமுகமாக இயங்கி வரும் இடம் என்பதும் உண்மையே. கிப்ஸ்லாந்து வயல்கள் வற்றிவரும் நிலையில், குளிர்காலத்தில் எரிவாயுப் பற்றாக்குறை ஏற்படலாம் என்று நாட்டின் எரிசக்திச் சந்தை இயக்குநர் அமைப்பும் எச்சரித்திருந்தது.

விசாரணையும் முடிவும்

விக்டோரியாவின் 1978 ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் விளைவுகள் சட்டத்தின் கீழ் முழுமையான சுற்றுச்சூழல் விளைவு அறிக்கை தேவை என்று அமைச்சர் வின் 2018 அக்டோபரில் ஆணையிட்டார். போராட்டத்தின் போக்கில் இவ்வாணை முதல் திருப்புமுனை ஆகும். திட்டம் பல ஆண்டுகள் தள்ளிப்போனதுடன், நிறுவனத்தின் கணக்கீடுகள் அனைத்தும் பொதுமக்களின் பார்வைக்கு வந்தன.

அறிக்கை 2020 சூலை முதல் ஆகஸ்ட் வரை பொதுமக்களின் கருத்துக்காக வைக்கப்பட்டது. 6,000-க்கும் மேற்பட்ட கருத்துரைகள் வந்தன. கோவிட் பெருந்தொற்றினால் மெல்போர்ன் கடுமையான முடக்கத்தில் இருந்த காலம் அது. ஊர்க்கூட்டங்கள் நடத்தவோ வீடுவீடாகச் செல்லவோ இயலாத நிலையில் இத்தனை கருத்துரைகள் திரட்டப்பட்டன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நடந்த விசாரணையும் காணொளி வழியாகவே நடைபெற்றது. அமைச்சர் அமர்த்திய குழு, நிறுவனத்தின் வல்லுநர்களையும் எதிர்த்தரப்பு வல்லுநர்களையும் குறுக்கு விசாரணைக்கு உட்படுத்திக் கேட்டது.

குழுவின் அறிக்கையைப் பெற்ற அமைச்சர் 2021 மார்ச் 30 அன்று தம் மதிப்பீட்டை வெளியிட்டார். குளோரின் கலந்த குளிர்ந்த நீரை ராம்சர் ஈரநிலமான வெஸ்டர்ன்போர்ட்டில் விடுவதால் ஏற்படும் விளைவுகள் ஏற்கத்தக்கவை அல்ல என்பதே அதன் சாரம். இத்தகைய மதிப்பீடு சட்டப்படி ஓர் அறிவுரையே அன்றி, அனுமதியோ மறுப்போ அன்று. ஆனால் திட்டத்திற்கு வேண்டிய நிலப்பயன்பாட்டு மாற்றத்தைச் செய்யும் அதிகாரம் அமைச்சரிடமே இருந்தமையால், நடைமுறையில் அத்துடன் திட்டம் முடிவுக்கு வந்தது. விக்டோரியாவில் இம்முறையின் முடிவில் ஒரு பெருந்திட்டம் முற்றிலும் ஏற்கப்படாமற் போவது அரிது. பெரும்பாலானவை நிபந்தனைகளுடன் அனுமதி பெற்றுவிடுகின்றன.

பிற்கால நிகழ்வுகள்

கிரிப் பாயின்டுக்கு வரவிருந்த கப்பல் வேறொரு கரையில் வரலாற்றில் இடம்பெற்றது. 2022 பெப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததை அடுத்து ரஷ்ய எரிவாயுவை இழந்த ஜெர்மனி, மிதக்கும் முனையங்களை அவசரமாகத் தேடியது. ஹோக் எஸ்பரான்சா 2022 டிசம்பர் 15 அன்று வட கடல் கரையில் உள்ள வில்ஹெல்ம்ஸ்ஹாஃபென் துறைமுகத்தை அடைந்து, ஜெர்மனியின் முதல் மிதக்கும் எரிவாயு முனையமாக ஆனது. அங்கும் குளோரின் கலந்த கழிவுநீரே சர்ச்சைக்கு உள்ளானது. ஜெர்மன் சுற்றுச்சூழல் அமைப்புகள் அனுமதியை எதிர்த்தன. ஆனால் எரிசக்தி நெருக்கடியின் நடுவே அனுமதிகள் விரைவாக வழங்கப்பட்டுவிட்டன. ஒரே கப்பல், ஒரே வகைக் கழிவுநீர், இருவேறு முடிவுகள் என்பதால் இவ்விரு நிகழ்வுகளும் ஒப்புநோக்கத் தக்கவை.

அதே 2022 இல் கிழக்கு ஆஸ்திரேலியாவிலும் எரிவாயு விலை கடுமையாக உயர்ந்தது. டிசம்பரில் கூட்டாட்சி அரசு மொத்த விற்பனை விலைக்கு ஒரு கிகாசூலுக்கு 12 டாலர் என்ற உச்சவரம்பை விதிக்க நேர்ந்தது. விக்டோரியா அரசு தேவையைக் குறைக்கும் வழியை நாடி, 2024 சனவரி 1 முதல் திட்டமிடல் அனுமதி தேவைப்படும் புதிய வீடுகளுக்கு எரிவாயு இணைப்பை நிறுத்தியது. ஆயினும் இறக்குமதி முனையம் என்னும் எண்ணம் மறைந்துவிடவில்லை. போர்ட் பிலிப் விரிகுடாவின் மேற்குப் பகுதியில், ஜீலாங் நகரில் உள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் துறையில் மிதக்கும் முனையம் அமைக்கும் வைவா எனர்ஜி நிறுவனத்தின் திட்டத்திற்கு 2025 மே மாதத்தில் மாநில அமைச்சரின் சாதகமான மதிப்பீடு கிடைத்தது. கப்பலிலிருந்து வரும் குளிர்ந்த நீரை நேரடியாகக் கடலில் விடாமல், ஆலையைக் குளிர்விக்கும் நீராக மீண்டும் பயன்படுத்துவது அத்திட்டத்தின் சிறப்பம்சம். அங்கும் உள்ளூர் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

வெஸ்டர்ன்போர்ட்டைப் பொறுத்தவரை, ராம்சர் தகுதி பின்னர் எதிர்பாராத திசையில் பயன்பட்டது. கடலில் அமையும் காற்றாலைகளின் பாகங்களை ஒன்றுசேர்க்க ஹேஸ்டிங்ஸில் ஒரு துறைமுகம் அமைக்க விக்டோரியா அரசுக்குச் சொந்தமான துறைமுக நிறுவனம் விண்ணப்பித்தது. ஈரநிலத்தைத் தூர்வாரியும் நிரப்பியும் செய்யவேண்டிய அப்பணி ஏற்கவே முடியாதது என்று கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் அமைச்சர் டானியா பிளிபர்செக் 2023 டிசம்பரில் அதனை நிராகரித்தார். எரிவாயுக் கப்பலைத் தடுத்த அதே சட்டத் தகுதி இம்முறை புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் திட்டத்தைத் தடுத்தது.

ஒத்த திட்டங்கள்

உள்ளூர் எதிர்ப்பால் நின்றுபோன மிதக்கும் எரிவாயுத் திட்டங்கள் வேறு நாடுகளிலும் உள்ளன. கலிபோர்னியாவின் ஆக்ஸ்னார்ட், மாலிபு நகரங்களுக்கு அப்பால் கடலில் அமையவிருந்த கப்ரியோ போர்ட் திட்டத்தை 2007 இல் ஆளுநர் ஆர்னால்ட் சுவார்செனேகர் நிராகரித்தார். முனைந்தது பிஎச்பி பில்லிட்டன் என்னும் ஆஸ்திரேலிய நிறுவனம். நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்ட் நீரிணையில் ஷெல், டிரான்ஸ்கனடா நிறுவனங்கள் முன்வைத்த பிராட்வாட்டர் திட்டத்திற்குக் கூட்டாட்சி ஒழுங்குமுறை ஆணையம் 2008 இல் அனுமதி அளித்தும், சில வாரங்களில் மாநில அரசு மறுத்துவிட்டது.

கப்பலிலேயே மின்சாரம் உற்பத்தி செய்யும் வகைக்கு எடுத்துக்காட்டு, துருக்கியின் கார்பவர்ஷிப் நிறுவனம் தென்னாப்பிரிக்காவின் மூன்று துறைமுகங்களில் நிறுத்தவிருந்த மின்கப்பல்கள் ஆகும். மொத்தம் 1,220 மெகாவாட் திறன் கொண்ட இவை 2021 மார்ச்சில் அரசின் தெரிவைப் பெற்றன. கப்பல் எந்திரங்களின் இரைச்சல் கடல்வாழ் உயிரினங்களையும் சிறு மீனவர்களின் வாழ்வையும் எவ்வாறு பாதிக்கும் என்பது போதிய அளவில் ஆராயப்படவில்லை, மக்களிடம் முறையாகக் கருத்துக் கேட்கப்படவில்லை என்ற காரணங்களால் அதே ஆண்டு சூனில் சுற்றுச்சூழல் துறை அனுமதி மறுத்தது. அதன் மீதான மேல்முறையீட்டை 2022 ஆகஸ்டில் அமைச்சர் பார்பரா கிரீசி தள்ளுபடி செய்தார். ஆனால் விண்ணப்பங்கள் மீண்டும் அளிக்கப்பட்டு, 2023 அக்டோபரில் ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்திற்கான சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது.